ஒட்டியும் இருக்க வேண்டும், நனையாமலும் இருக்க வேண்டும்

1761-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகடுகளால் போர்த்திப் பார்த்தது. மரத்தைத் துளைத்துத் தின்னும் கடற்புழுவிடமிருந்து கப்பலைக் காப்பதே நோக்கம். இரண்டு ஆண்டு கழித்துக் கப்பலை ஆராய்ந்தபோது செம்பு நன்றாகவே இருந்தது. அதைப் பிடித்துவைத்திருந்த இரும்பு ஆணிகள்தாம் பல இடங்களில் அரித்துக் கூழாகிப் போயிருந்தன. ஆனால் எல்லா ஆணிகளும் அப்படி ஆகவில்லை. தகடுகளைச் சுற்றி வந்திருந்த பழுப்புக் காகிதம் சில இடங்களில் கிழியாமல் இரும்புக்கும் செம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. அங்கெல்லாம் ஆணி திடமாக இருந்தது. வேதியியல் நூல்கள் காரணம் சொல்வதற்குப் பல பத்தாண்டு முன்பே கப்பல் தச்சர்களுக்கு ஒரு விதி கிடைத்துவிட்டது: இரண்டு வேறு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்து இருக்க வேண்டியிருந்தால் அவற்றை ஒன்றையொன்று தொட விடாதே. இன்றைக்கும் பாலம், கூரை, குழாய் என்று எதைக் கட்டினாலும் பொறியாளர் முதலில் நாடும் வழி அதுதான். நடுவே ஒரு ரப்பர் வாஷரையோ நைலான் வளையத்தையோ வைத்துவிடுவார்.

காரின் எர்த் இணைப்புக்கு இந்த வழி இல்லை. பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒரு தடித்த செப்பு வயர் காரின் இரும்பு உடலில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. ஹெட்லைட், ஹாரன், வைப்பர், பெட்ரோல் பம்ப், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி என எல்லாவற்றுக்கும் பிளஸ் மின்சாரம் தனித்தனி வயரில் போகிறது; திரும்பி வருவதோ பெரும்பாலும் காரின் உடல் வழியாகத்தான். எஃகு செம்பைவிட ஏழெட்டு மடங்கு மோசமான மின்கடத்தி என்பது உண்மை. ஆனால் காரின் உடல் அகலமும் நீளமுமான ஒரு பெருந்தகடு என்பதால் அந்தக் குறை தெரிவதில்லை, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு திரும்பு வயர் போடும் செலவும் எடையும் மிச்சமாகின்றன. இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. செம்பும் இரும்பும், சில இடங்களில் அலுமினியமும், நேருக்கு நேர் தொட்டுக்கொண்டே இருந்தாக வேண்டும். அதுவும் சக்கரம் சேற்றை வாரியடிக்கும் இடத்திலும், முன் பம்பருக்குப் பின்னாலும், காலடிக் கம்பளத்துக்கு அடியிலும். தொடுவதுதான் அந்த இணைப்பின் வேலையே. நடுவே காகிதம் வைத்தால் கார் ஓடாது.

எர்த் இணைப்பைத் துருவிலிருந்து காப்பது பற்றிப் பேசும்போது இந்த முரணைத்தான் மனத்தில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பட்டறைகளில் கிடைக்கும் யோசனைகள் பல. உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய், ஸ்டார் வாஷர் போடு, இன்னொரு எர்த் வயர் இழு, பெயிண்ட் அடி, கிரீஸ் தடவு. இவற்றில் சில சரி, சில பாதி சரி, சில கெடுதல். எது எப்படி என்று பிரித்தறிய அந்தப் போல்ட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

முதலில், எவ்வளவு சிறிய கெடுதல் போதும் என்ற கணக்கு. செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது சாதாரணப் பெட்ரோல் காரிலேயே 150 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். அந்தப் பாதையில் ஓர் எர்த் இணைப்பு வெறும் 0.01 ஓம் தடை காட்டினால் அங்கே 1.5 வோல்ட் வீணாகும். அந்தச் சில விநாடிகளுக்கு 225 வாட் வெப்பம் ஒரு போல்ட்டின் தலைக்கு அடியில் எரியும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் மின்னழுத்தமே 10 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். அதிலும் 1.5 போனால் மோட்டார் திணறும், வண்டிக்காரர் பேட்டரியை மாற்றுவார். ஹெட்லைட்டில் கணக்கு வேறு மாதிரி. 55 வாட் ஹாலஜன் பல்பு நாலரை ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் அதன் ஒளி மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4-ஆவது அடுக்குக்கு ஏற்ப ஏறி இறங்கும். எர்த்தில் கால் ஓம் தடை இருந்தால் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும், வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறையும். இரவில் எதிரே நிற்கும் மாட்டைப் பார்ப்பதற்கும் பார்க்காமல் போவதற்கும் அந்த வேறுபாடு போதும். சென்சார்களில் இன்னும் நுட்பம். எஞ்சின் உடலையே எர்த்தாக நம்பும் பழைய ஒற்றை வயர் ஆக்சிஜன் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள்தான் பேசும். எர்த் 0.2 வோல்ட் நகர்ந்தால் கணினிக்குப் போகும் செய்தியே பொய்யாகிவிடும், அது எரிபொருளைத் தவறான அளவில் தரும்.

மின்சாரம் ஒரு வழி அடைபட்டால் நின்றுவிடுவதில்லை, வேறு வழி தேடும். பின் விளக்குகளின் பொது எர்த் கெட்டால், இண்டிகேட்டர் போடும்போது பக்கத்து பார்க் விளக்கும் சேர்ந்து மினுக்கும். இண்டிகேட்டரின் மின்சாரம் மற்ற பல்புகளின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கிறது என்று அதற்கு அர்த்தம். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்தால், செல்ஃப் அடிக்கும் 150 ஆம்பியரும் ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் என்று உலோகமாய்க் கிடைப்பதன் வழியெல்லாம் பாய முயலும். கேபிளின் உள்உறை உருகி இறுகிக்கொண்ட கதைகள் பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரியும். எர்த் கோளாறு தன் பெயரில் வெளிப்படுவது அரிது, அடுத்தவர் பெயரில்தான் வரும். நல்ல நிலையில் இருக்கும் பேட்டரியும் மோட்டாரும் சென்சாரும் இதனால் தூக்கி எறியப்படுகின்றன.

இனி போல்ட்டுக்கு அடியில் பார்ப்போம். வயரின் முனையில் பொருத்தும் வளையமான செப்பு லக்கை எஃகுத் தகட்டின் மேல் வைத்து இறுக்கினால் இரண்டும் முழுவதுமாக ஒட்டிக்கொள்வதாகத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் 1939-இல் வெளியிட்ட ஆய்வும், மின் தொடர்புகள் குறித்து ராக்னர் ஹோல்ம் ஜெர்மனியில் செய்த நீண்ட ஆராய்ச்சியும் காட்டியது இதுதான்: எவ்வளவு மழமழப்பாகத் தெரிந்தாலும் உலோகப் பரப்பு மேடும் பள்ளமுமானது, இரண்டு பரப்புகள் சந்திக்கும்போது மேட்டு முனைகள் மட்டுமே தொடும், அந்த முனைகள் நசுங்கி அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு விரியும், அதற்கு மேல் விரியாது. ஆகவே உண்மையில் தொடும் பரப்பு லக்கின் அகலத்தைப் பொறுத்தது அல்ல, இறுக்கும் விசையையும் இரண்டில் மென்மையான உலோகத்தின் கடினத்தையும் பொறுத்தது. 6 மில்லிமீட்டர் போல்ட்டை முறையான 10 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்கினால் சுமார் 8,000 நியூட்டன், அதாவது முக்கால் டன்னுக்கும் மேலான அழுத்தம் கிடைக்கும். செம்பின் கடினத்தை வைத்துக் கணக்கிட்டால் உண்மைத் தொடர்பு ஏறத்தாழ 10 சதுர மில்லிமீட்டர். அந்த லக்கின் அடிப்பரப்போ 80 சதுர மில்லிமீட்டர். சரியாக இறுக்கிய நிலையிலேயே எட்டில் ஒரு பங்குதான் தொடுகிறது. கை இறுக்கத்தில் விட்டால் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

தொடாத அந்த மீதிப் பரப்பில்தான் விஷயம் இருக்கிறது. அது வெற்றிடம் அல்ல, சில மைக்ரான் தடிமனுள்ள ஒரு மெல்லிய இடுக்கு. மழைத்துளி அருகில் வந்தால் போதும், நுண்புழை விசை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெயில் வந்து வெளியே காய்ந்த பிறகும் உள்ளே காயாது. இப்போது அரிமானத்துக்கு வேண்டிய நான்கும் சேர்ந்துவிட்டன: கரையக்கூடிய உலோகம், அதைவிடக் கரைய மனமில்லாத உலோகம், இரண்டுக்கும் இடையே மின்தொடர்பு, இரண்டையும் நனைக்கும் உப்புக் கரைசல். நியம மின்முனை அழுத்தத்தில் துத்தநாகம் மைனஸ் 0.76 வோல்ட், இரும்பு மைனஸ் 0.44, வெள்ளீயம் மைனஸ் 0.14, செம்பு பிளஸ் 0.34. உண்மையான சேற்றுநீரில் இந்த எண்கள் மாறும், ஆனால் இந்த நான்கின் வரிசை பொதுவாக மாறாது. செம்பும் இரும்பும் சேர்ந்தால் கரைவது இரும்பு. பெரிய செப்பு லக்குக்கு அடியில் பெயிண்ட் சுரண்டிய சிறு வளையமாக மட்டும் இரும்பு தெரிந்தால் நிலைமை இன்னும் மோசம். செம்பின் பரப்பு முழுவதும் நடக்கும் வினைக்கான கணக்கை அந்தச் சிறு வளையமே கரைந்து தீர்க்க வேண்டும். அலார்ம் கப்பலில் பெருந்தகட்டுக்குச் சிறு ஆணிகள் பலியானது இதே கணக்கில்தான்.

வேறு உலோகமே இல்லாவிட்டாலும் இடுக்கு தன் வேலையைச் செய்யும். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி யூலிக் எவான்ஸ் ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை வைத்துக் காட்டிய சோதனை அரிமானவியலில் புகழ்பெற்றது. துளியின் ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாகக் கிடைக்கும், நடுவில் கிடைக்காது; ஆக்சிஜன் இல்லாத நடுப்பகுதி கரைகிறது, ஓரம் தப்புகிறது. ஒரே உலோகத்தின் இரண்டு பகுதிகள் தங்களுக்குள் மின்கலமாகிவிடுகின்றன. எர்த் லக்கின் அடிப்பகுதி இப்படி ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதியேதான். கரைந்த இரும்பு துருவாக மாறும்போது தன் பழைய கனஅளவைப்போல் பல மடங்கு இடம் கேட்கும். அது மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது. மேட்டு முனைகளுக்குள் புகுந்து அவற்றைத் தூக்கி விலக்கும். எஞ்சின் அதிர்வு சேர்ந்தால் முனைகள் உரசி உரசிப் புதிது புதிதாக உலோகம் வெளிப்படும், அதுவும் துருவாகும்.

எல்லா எர்த்தும் ஒரே வேகத்தில் கெடாது. மின்சாரம் ஓர் உலோகத்திலிருந்து ஈரத்துக்குள் இறங்கும் இடத்தில் உலோகம் கரையும், ஈரத்திலிருந்து உலோகத்துக்குள் ஏறும் இடத்தில் கரையாது. இணைப்பு நன்றாக இருக்கும்வரை இது பொருட்டே அல்ல, ஏனென்றால் முழு மின்சாரமும் உலோக முனைகள் வழியாகவே போய்விடும், ஈரத்தின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாடு இராது. தடை உருவானதும் நிலைமை மாறுகிறது. ஹெட்லைட்டின் எர்த்தில் மின்சாரம் வயரிலிருந்து லக் வழியாக உடலுக்குள் நுழைகிறது. அந்தத் திசை இரும்புக்குச் சாதகம். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பட்டையில் நேர்மாறு. வண்டி ஓடும்போது எல்லாக் கருவிகளின் மின்சாரமும் உடலில் கூடி, அந்தப் பட்டைக்குள் ஏறி, எஞ்சின் வழியாக ஆல்டர்னேட்டருக்குத் திரும்புகிறது. பட்டை உடலைத் தொடும் இடத்தில் மின்சாரம் இரும்பிலிருந்து செம்புக்குப் போகிறது. செம்பின் பக்கத்தில் இருப்பதாலேயே கரையும் இரும்பை மின்னோட்டமும் சேர்ந்து கரைக்கிறது. தடை கூடினால் மின்னழுத்த வேறுபாடு கூடும், அது கூடினால் கரைவது கூடும், கரைவது கூடினால் தடை கூடும். பேட்டரி முனையில் எல்லாரும் பார்க்கும் பச்சைக் களிம்பைவிட, அடியில் யாரும் பார்க்காத இந்தப் பட்டையின் முனைக்குத்தான் நான் முதல் கவனம் கொடுப்பேன்.

ஆக, அரிமானத்துக்கு வேண்டிய அந்த நான்கில் எதை நீக்கலாம்? மின்தொடர்பை நீக்க முடியாது. உலோகங்களை மாற்றுவது பாதிதான் முடியும். செப்பு லக்குக்கு வெள்ளீயம் பூசினால் இரும்புடன் அதன் அழுத்த வேறுபாடு பாதிக்கும் கீழே குறைகிறது. வெள்ளீயம் மென்மையானதால் அதே இறுக்கத்தில் அதிகம் நசுங்கி உண்மைத் தொடர்பும் கூடுகிறது. நல்ல லக்குகள் வெள்ளி நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இந்தப் பூச்சுதான், அதைக் கேட்டு வாங்குவது பொருந்தும். எஞ்சின் அலுமினியமாக இருந்தால் பூச்சில்லாத செம்பை அதில் இறுக்கவே கூடாது. ஆனாலும் பூச்சு வேறுபாட்டைக் குறைக்கிறதே தவிர ஒழிக்கவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: ஈரம். எர்த் இணைப்பில் நம் கைக்கு முழுவதுமாக அகப்படும் ஒரே கூறு அதுதான். துருவைத் தேய்த்து எடுப்பது பழைய கணக்கைத் தீர்ப்பது மட்டுமே. ஈரத்தை வெளியே நிறுத்தாவிட்டால் புதிய கணக்கு அன்றைக்கே தொடங்கிவிடும்.

ஈரம் என்றால் மழை மட்டும் என்று நினைப்பது பெரிய பிழை. 1920-களிலும் 30-களிலும் அரிமான ஆய்வாளர் வெர்னான் செய்த சோதனைகள் காட்டியபடி, காற்றின் ஈரப்பதம் ஓர் எல்லையைத் தாண்டியதும் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று ஏறுகிறது. அந்த எல்லை 60, 70 சதவீதத்துக்கு இடையில். உப்பு படிந்திருந்தால் எல்லை இன்னும் கீழே வரும். சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். வட அமெரிக்காவின் பனிச் சாலைகளில் தூவப்படும் உப்புகளிலும் இது உண்டு. அதாவது கடற்காற்று படிந்த எர்த் போல்ட் மழையே பெய்யாத மே மாதத்திலும் உள்ளூர நனைந்தே கிடக்கிறது. 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளைச் சட்டங்களில் மாட்டி வெயிலிலும் காற்றிலும் விட்டு ஆராய்ந்து வந்திருக்கிறது. நாட்டிலேயே உலோகத்தை மிகக் கடுமையாகத் தின்னும் காற்றுகளில் ஒன்று மண்டபத்தினுடையது. கரையிலிருந்து உள்ளே போகப் போகக் காற்றின் உப்பு வேகமாகக் குறையும் என்பதால், திருவான்மியூரில் கடலோரத் தெருவில் நிறுத்தும் காருக்கும் தாம்பரத்தில் நிறுத்தும் காருக்கும் ஒரே பராமரிப்பு அட்டவணை பொருந்தாது. வெள்ளத்தில் நின்ற கார் என்றால் பேச்சே வேறு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களில் கம்பளத்துக்கு அடியிலுள்ள எர்த் போல்ட்டுகளைத் திறந்து பார்க்காமல் இருக்கைகளை மட்டும் காயவைத்திருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

ஈரத்தை வெளியே நிறுத்துவதில் வரிசைதான் எல்லாம். முதலில் உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும், பிறகு தொட்ட இடம் மூடப்பட வேண்டும்; மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, போல்ட்டை எடுத்து, லக் உட்காரும் இடத்தில் மட்டும் பெயிண்டையும் துருவையும் நீக்க வேண்டும். இங்கே ஆர்வம் அளவு மீறக் கூடாது. துத்தநாகம் பூசிய தகட்டை எஃகு பளிச்சிடும்வரை கிரைண்டர் வைத்து உரசுபவர், தொழிற்சாலை கொடுத்த பாதுகாப்பைத் தம் கையாலேயே எடுத்துவிடுகிறார். பெயிண்ட் போனதும் நிறுத்த வேண்டும். பிறகு அந்தப் பரப்பில் மெல்லிய கிரீஸ் படலம், அதன் மேல் லக், உரிய இறுக்கம், கடைசியாக போல்ட் தலை, லக்கின் விளிம்பு, சுரண்டிய பெயிண்டின் எல்லை எல்லாவற்றையும் மூடும்படி மெழுகு கலந்த துருத்தடுப்பு ஸ்பிரே அல்லது கெட்டியான கிரீஸ். போல்ட்டின் மரையில் கிரீஸ் அதிகம் பட்டால் அதே முறுக்கத்துக்கு இறுக்கம் கூடிவிடும், மரை நீளும். அங்கே சிக்கனம் தேவை. தகட்டின் பின்புறத்தையும் மறந்துவிடக் கூடாது. மட்கார்டுக்கு உள்ளே துருத்தி நிற்கும் மரை வழியாக நீர் ஏறி வந்தால் முன்பக்கம் பூசியது வீண். லக்குக்கும் வயருக்கும் இடையிலான வாயும் ஒரு வாசல். பல இழை வயர் நீரை விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சி மேலே ஏற்றும். வெளியே உறை நன்றாகத் தெரியும், உள்ளே செம்பு ஒரு சாண் தூரத்துக்குக் கறுத்திருக்கும். அந்த வாயை உள்ளே பசை பூசிய, சூடேற்றினால் சுருங்கும் குழாயால் மூடுவது நல்லது.

முதல் எதிர்ப்பு எப்போதும் கிரீஸைப் பற்றியே வரும்: கிரீஸ் மின்கடத்தி இல்லையே, அதை நடுவில் தடவினால் எர்த் எப்படிக் கிடைக்கும்? நியாயமான கேள்வி. ஹோல்ம் காட்டிய மேட்டு முனைகள்தாம் இதற்குப் பதில். அழுத்தம் முழுவதும் அந்த முனைகளில் குவிவதால், உலோகமே நசுங்கும் அந்த விசையில் குழைவான கிரீஸ் அங்கே நிற்க முடியாது. பிதுங்கிப் பள்ளத்துக்குப் போய்விடும். பள்ளத்தில் முன்பு காற்று இருந்தது, இப்போது கிரீஸ் இருக்கிறது. மின்சாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், நீருக்கு ஒன்றல்ல. அலுமினிய மின்கம்பிகளை இணைக்கும்போது கிரீஸைத் தடவி அதன் ஊடாகவே கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம், அவை நூற்றுக்கணக்கான ஆம்பியர் சுமக்கின்றன. பேட்டரி முனையில் தலைமுறைகளாகத் தடவிவரும் வாசலினும் மின்கடத்தி இல்லைதான். ஆனால் எதிர்ப்பில் ஓர் உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கக் கூடாது. இந்த வாதம் போல்ட் இறுக்கத்துக்குத்தான் பொருந்தும். சென்சார் பிளக்கின் மெல்லிய ஊசிகளில் விசை மிகக் குறைவு. அங்கே கெட்டி கிரீஸ் உண்மையிலேயே தடையாகலாம். தீப்பொறி பறக்கும் சுவிட்ச் தொடர்புகளில் சிலிக்கோன் கிரீஸ் வெந்து மணல்போன்ற படிவாகும், அங்கும் கூடாது. செப்புத்தூள் கலந்த கிரீஸ் கடத்தும் என்று நம்பி வாங்குபவர்களுக்கு என் யோசனை, வேண்டாம். இறுகிய இணைப்பில் அந்தத் தூளால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். துத்தநாகப் பூச்சின் மேலும் அலுமினியத்தின் மேலும் செப்புத் துகளைத் தூவுவது நாம் தவிர்க்க நினைத்த ஜோடியை நாமே கொண்டுவந்து வைப்பது.

கிரீஸ் வேண்டாம், மேலே நன்றாகப் பெயிண்ட் அடித்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. பெயிண்ட் கடினமானது. போல்ட் தலை ஒரு பக்கமும் தகடு ஒரு பக்கமுமாக அதிரும் இடத்தில் அது மயிரிழைபோல் விரியும். விரிசல் வழியே போன நீரை அதே பெயிண்ட் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். மெழுகும் கிரீஸும் அதிர்வோடு சேர்ந்து நெகிழும். மறுபுறம், அவை பிரஷர் வாஷில் கரைந்து போகும், ஆகவே ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். இந்தச் சிரமம் உண்மையானதுதான், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் மூடிவைப்பதைவிட மேல். ஸ்டார் வாஷர் பற்றியும் ஒரு வார்த்தை: அதன் பற்கள் பெயிண்டைக் கிழித்துத் தொடர்பு தரும், போல்ட் தளராமலும் பிடிக்கும். கிழித்த ஒவ்வொரு கீறலும் துருவுக்கு ஒரு வாசல் என்பதால் மூடாமல் விட்ட ஸ்டார் வாஷர் முதலாண்டில் சிறப்பாகவும் ஐந்தாம் ஆண்டில் மோசமாகவும் வேலை செய்யும்.

இன்னொரு எர்த் வயர் இழுத்துவிடலாம் என்பது பட்டறையின் விருப்பமான தீர்வு. அது அன்றைக்கு வேலை செய்யும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அரை மீட்டர் நீளமும் 35 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செப்பு வயரின் தடை கால் மில்லி ஓம்தான். 150 ஆம்பியரிலும் அது 0.04 வோல்ட்டைத் தாண்டாது. வயர் ஒருபோதும் குற்றவாளியாக இருக்கவில்லை, இணைப்புதான் குற்றவாளி. புது வயர் என்றால் புதிதாக இரண்டு இணைப்புகள், அவையும் அதே காற்றில், பெரும்பாலும் அவசரமாகச் சுரண்டிய பெயிண்டின் மேல். பழைய இணைப்பு உள்ளே வளர்த்துக்கொண்டிருக்கும் துரு அப்படியே தொடரும், அதுவும் காரின் தகட்டைத் தின்றபடி.

உடலோடு ஒரு துத்தநாகத் துண்டைச் சேர்த்துவிட்டால் அது தன்னைக் கரைத்து இரும்பைக் காக்குமே என்ற யோசனைக்கும் நல்ல பரம்பரை உண்டு. ஹம்ப்ரி டேவி 1824-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டில் இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்து, செம்பு கரைவதை நிறுத்திக் காட்டினார். கப்பல்களிலும் எண்ணெய்க் குழாய்களிலும் இன்றும் அந்த முறை நடக்கிறது. ஆனால் கப்பல் கடலுக்குள் நிற்கிறது. துத்தநாகத்தையும் காக்க வேண்டிய இடத்தையும் ஒரே நீர் இடைவிடாமல் நனைக்கிறது. காரின் மேல் ஈரம் தனித்தனித் துளிகளாகவும் மெல்லிய படலங்களாகவும் இருக்கிறது. முன் பம்பரில் கட்டிய துத்தநாகத்துக்கும் டிக்கியில் உள்ள எர்த் போல்ட்டுக்கும் இடையே தொடர்ச்சியான நீர்ப்பாதை இல்லை. தகட்டின் மேலேயே பூசிய துத்தநாகம் சில மில்லிமீட்டர் கீறலைக் காக்கும், தொலைவில் கட்டியது காக்காது. உடலுக்கு மின்துடிப்பு கொடுத்துத் துருவைத் தடுப்பதாக விற்கும் பெட்டிகளும் இதே இடத்தில்தான் தோற்கின்றன.

கடைசி எதிர்ப்புதான் எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றுவது: பெரும்பாலான கார்களின் எர்த் பத்து ஆண்டு எந்தக் கவனிப்பும் இல்லாமல் ஓடுகிறதே, நன்றாக இருப்பதை எதற்குக் கழற்ற வேண்டும்? கழற்ற வேண்டாம் என்பதே என் பதிலும். கோயம்புத்தூரில் ஓடும் காரின் டாஷ்போர்டுக்குள் இருக்கும் எர்த்தைத் தொடுவது வீண் வேலை. ஒழுங்காக நசுங்கி உட்கார்ந்த முனைகளைக் கலைத்துவிடும். கழற்றாமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, ஆனால் அது ஓம் மீட்டர் அல்ல. பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் மீட்டரில் பூஜ்யம் என்றே காட்டும். மீட்டரின் சொந்த வயர்களின் தடையே நாம் தேடும் 0.01 ஓமைவிடப் பல மடங்கு. சுமை ஓடும்போது மின்னழுத்தத்தைத்தான் அளக்க வேண்டும். மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசி அளவில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸின் ஈயத் தலையிலேயே, கிளாம்ப்பில் அல்ல, அழுத்தி, சிவப்பை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பாதையை விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் சிவப்பு முனையை லக், போல்ட், தகடு என்று ஒவ்வோர் அடியாக நகர்த்த, எண் எங்கே தாவுகிறதோ அங்கேதான் துரு. ஹெட்லைட் போட்டு அதன் எர்த்தை அளந்தால் 0.1 வோல்ட் எல்லை. கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கொரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், இந்தப் பத்து நிமிட வேலை போதும்.

மின்சாரக் கார்களில் இந்தக் கவலை போய்விடும் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். சில நூறு வோல்ட் பேட்டரியின் இரு முனைகளும் அங்கே உடலிலிருந்து முற்றாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் விளக்குக்கும் பிரேக் கணினிக்கும் பழைய 12 வோல்ட் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, உடல் வழியாகவே திரும்புகிறது. அதற்கு மேல், மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரிப் பெட்டி ஆகியவற்றின் உலோகக் கூடுகள் வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளே இன்சுலேஷன் கெட்டாலும் ஒரு கூட்டையும் உடலையும் ஒரே நேரத்தில் தொடுபவருக்கு அதிர்ச்சி ஏற்படக் கூடாது என்பதற்காக. ஐக்கிய நாடுகளின் வாகன விதி எண் 100 அந்த இணைப்பின் தடை 0.1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும், குறைந்தது 0.2 ஆம்பியர் செலுத்தி அளக்க வேண்டும் என்கிறது. பெட்ரோல் காரில் கெட்ட எர்த் வண்டியைக் கிளம்பாமல் செய்யும், தொல்லை கொடுத்தாவது தன்னைக் காட்டிக்கொள்ளும். மின்சாரக் காரின் இந்தப் பாதுகாப்பு இணைப்பிலோ சாதாரண நாளில் மின்சாரமே ஓடுவதில்லை. விளக்கு மங்காது, மோட்டார் திணறாது, போல்ட்டுக்கு அடியில் எவ்வளவு அரித்திருந்தாலும் ஓட்டுபவருக்கு எந்தக் குறிப்பும் வராது. ஆகவே ஆண்டுதோறும் அந்த இணைப்பை மீட்டர் வைத்து அளப்பதை மின்சாரக் கார்களின் சர்வீஸ் பட்டியலில், குறைந்தபட்சம் கடலோர ஊர்களிலாவது, கட்டாயமாகச் சேர்க்க வேண்டும்.